'டாஸ் லேப்டாப்' வாங்கலாமா?

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பிராசசர், ஒரே மெமரி. ஆனால் விலைப்பட்டியலில் இரண்டு விலை. குறைந்த விலைக்கு நேரே 'டாஸ்' என்றோ, 'ஃப்ரீடாஸ்' என்றோ, 'உபுண்டு' என்றோ, 'ஓ.எஸ். இல்லை' என்றோ சின்ன எழுத்தில் போட்டிருக்கும். வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். இது சரக்கில் குறையா, விலையில் சலுகையா என்று நம் சில்லறை வியாபாரிகள் பலர் மண்டிக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசசரும் இல்லாத பழைய பெட்டிகளில் அது முறைப்படி ஏறாது. ஜி.எஸ்.டி. வந்த 2017-ல் அவசர அவசரமாக நாம் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகின்றன. ஆகவே புதிது வாங்கியாக வேண்டும். வாங்கப் போன இடத்தில் விலை குறைந்த 'டாஸ் மாடல்' கண்ணில் படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சரக்கில் குறை இல்லை. ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி, வாரண்டி எல்லாம் பொதுவாக அதேதான். இல்லாதது ஆப்பரேட்டிங் சிஸ்டம் மட்டும். கடை இருக்கிறது, அலமாரி இருக்கிறது, தராசு இருக்கிறது. காலையில் கடையைத் திறந்து, யார் யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஏவுகிற ஆள் இல்லை என்றால் எப்படியோ அப்படி. அந்த ஏவுகிற ஆள்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸுக்கு விலை உண்டு. அது இல்லாமல் விற்கும்போது அந்தப் பணம் குறைகிறது. அடுப்பை மட்டும் வாங்கி, சிலிண்டரைத் தனியாகப் பார்த்துக்கொள்வது போன்ற வியாபாரம் இது.

நம் வயதுக்காரர்களுக்கு டாஸ் என்றதும் வேறு நினைவு வரும். 1990-களில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பில் புரோகிராம், கரகரவென்று ஓடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பெரிய பிளாப்பி. 'அந்தப் பழைய புரோகிராம் இதில் ஓடும் போலிருக்கிறதே' என்று ஒரு எண்ணெய் வியாபாரி நம்மிடம் ஆசையாகக் கேட்டார். அந்த நினைப்பில் யாரும் வாங்க வேண்டாம். இப்போது லேப்டாப்பில் பெயருக்குப் போட்டுத் தரும் ஃப்ரீடாஸ் என்பது வேறு ஒரு முயற்சி. மைக்ரோசாப்ட் தன் எம்.எஸ்.டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும், ஜிம் ஹால் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் 1994-ல் அதற்கு மாற்றாக இலவசமாகத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வைஃபையில் இணைய முடியாது, ஜி.எஸ்.டி. தளத்தைத் திறக்க முடியாது. பிரிண்டர் சொருகப் பழைய மாதிரி போர்ட்டும் இந்த லேப்டாப்புகளில் கிடையாது. பெட்டியைத் திறந்தால் ஏதோ ஒன்று ஓடுகிறது என்று காட்டுவதற்கு அது இருக்கிறது, அவ்வளவுதான். வாங்குகிறவர் வேறொன்றைப் போட்டுக்கொள்வார் என்பது விற்கிறவருக்கும் தெரியும், செய்து அனுப்பும் கம்பெனிக்கும் தெரியும்.

அந்த 'வேறொன்று' என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இனாமாக வருகிற விண்டோஸ்

எங்கள் மண்டியில் இருபது வருடமாகப் பருப்பும் வத்தலும் எடுக்கிற ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். கிராமத்துக் கடை. நாணயமான ஆள். இரண்டு வருடத்துக்கு முன் டாஸ் லேப்டாப் ஒன்று வாங்கினார்.

"அண்ணாச்சி, நாலாயிரம் ரூபா மிச்சம். விண்டோஸு, கணக்கு சாப்ட்வேர் எல்லாம் கடைக்காரரே இனாமாப் போட்டுக் குடுத்துட்டாரு" என்றார்.

"பில்லுல அது எழுதியிருக்கா தம்பி?" என்று கேட்டோம்.

"பில்லுல லேப்டாப் மட்டும்தான் இருக்கு."

பத்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு நாள் காலையில் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறியிருந்தது. பிட்காயினில் பணம் அனுப்பினால்தான் கணக்கைத் திருப்பித் தருவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் திரையில் நின்றது. நகல் எடுத்து வைக்கும் பென் டிரைவ் எப்போதும் லேப்டாப்பிலேயே சொருகியிருக்கும். அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது.

வந்த வழி எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்த மெக்கானிக் இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். காப்பி விண்டோஸ் தடையில்லாமல் ஓடுவதற்காக அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் காப்பியை 'ஆக்டிவேட்' செய்யும் குறுக்கு வழிப் புரோகிராமை ஆன்டிவைரஸ் பிடித்துவிடும் என்பதால் அதையும் அணைத்து வைத்திருந்தார்கள். கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டுப் பூட்டை மட்டும் கழற்றி வைத்த கதை.

அவருக்குக் கொள்முதல் கணக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. எங்கள் பேரேட்டிலும் மற்ற மண்டிக்காரர்கள் பேரேட்டிலும் அது இருக்கிறது. எல்லோரும் நகல் கொடுத்தோம். தாக்கல் செய்த விற்பனை விவரம் ஜி.எஸ்.டி. தளத்தில் இருந்தது. கிடைக்காதது ஊர்க்காரர்களின் கடன் பாக்கி. சுமார் இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் வெளியில் நின்றது. லேப்டாப் வந்த பிறகு பாக்கி நோட்டு எழுதுவதை நிறுத்தியிருந்தார். கணவனும் மனைவியும் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் பாக்கியை ஒப்புக்கொண்டு கொடுத்தார்கள். சிலர் அவர் மறந்துவிட்ட பாக்கியையும் தாங்களாகவே சொன்னார்கள். ஆனாலும் ஏறத்தாழ எண்பதாயிரம் வரவில்லை. யார் கொடுக்கவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. அந்தத் தீபாவளிக்கு அவர் எடுத்த சரக்கு வழக்கத்தில் பாதி.

இது கிராமத்துக் கடைக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற பணம் பறிக்கும் வைரஸ் நூற்றைம்பது நாடுகளுக்கு மேல் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளையே நிறுத்தி வைத்தது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள்.

சட்டமும் உண்டு. காப்பி சாப்ட்வேர் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வியாபார ஆதாயத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்த்து, அபராதத்தை ஐம்பதாயிரத்துக்குள் நிறுத்தலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. நாமோ கல்லாவில் வைத்து பில் போடுகிறோம். அந்தச் சலுகையைக் கேட்கும் நிலையில் வியாபாரி இல்லை. போட்டுக் கொடுத்தவர் பில்லில் எழுதாமல் ஒதுங்கிக்கொண்டார். பெட்டி இருப்பது நம் கடையில்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஒரு வருடத்தின் கணக்குகளை, அந்த வருட ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. 'வைரஸ் தின்றுவிட்டது' என்று அதிகாரியிடம் சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எந்த சாப்ட்வேர் ஓட வேண்டும்?

ஆக, டாஸ் லேப்டாப் வாங்கலாமா என்று கேட்டால், அதில் என்ன ஓட்டப் போகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். பில் போடும் சாப்ட்வேர் எது என்று முதலில் முடிவாக வேண்டும். லேப்டாப்பைப் பிறகு பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

டேலி வைத்திருப்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. டேலி விண்டோஸில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் 'வைன்' என்ற இடைச் சாப்ட்வேர் மூலம் ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்தில் நின்றுவிட்டால் பொறுப்பேற்க ஆள் கிடையாது. உள்ளூர்ப் பையன்கள் எழுதிக் கொடுத்திருக்கும் மளிகை பில்லிங் சாப்ட்வேர்களும் அநேகமாக விண்டோஸுக்கு எழுதப்பட்டவையே. இவர்கள் அசல் விண்டோஸ் போட்டே வரும் லேப்டாப்பை வாங்கிக்கொள்வது நல்லது. டாஸ் மாடலை வாங்கி, பிறகு அசல் விண்டோஸைத் தனியாக விலை கொடுத்து வாங்கினால், பெரும்பாலும் முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவாகும். மொத்தமாக வாங்கும் கம்பெனிக்குக் கிடைக்கும் விலை, ஒற்றை உரிமம் வாங்கும் நமக்குக் கிடைக்காது. இந்த நியாயம் மண்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலும், கம்பெனியிலேயே விண்டோஸ் போட்டு வரும் லேப்டாப்பில் அதன் உரிம எண் உள்ளே ஒரு சிப்பில் பதிந்திருக்கும். நாளைக்கு ஹார்ட் டிஸ்க் போய் புதிதாகப் போட்டாலும் விண்டோஸ் அதைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும். டாஸ் மாடலில் அது இருக்காது. ஆன்லைனில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு விற்கும் 'கீ'களைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்த விலையைப் பார்த்தே சந்தேகப்பட வேண்டும். பாதி விலைக்கு முந்திரி வந்தால் என்ன நினைப்போமோ அதையே இதற்கும் நினைக்கலாம்.

கணக்கை பிரவுசரில் எழுதுகிறவர்கள் நிலைமை வேறு. சோஹோ புக்ஸ் போன்றவை இணையத்தில் ஓடுகின்றன. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று அவை பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், பேங்க், வாட்ஸ்அப் எல்லாமே பிரவுசரில் திறக்கின்றன. இவர்களுக்கு டாஸ் லேப்டாப் உண்மையாகவே மிச்சம்தான். அதில் உபுண்டு போன்ற லினக்ஸை, யாருக்கும் ஒரு பைசா கொடுக்காமல், சட்டப்படியே போட்டுக்கொள்ளலாம். உபுண்டுவில் நீண்டகால ஆதரவு என்று ஒரு வகை, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வருகிறது. 2024 ஏப்ரலில் வந்தது 24.04. ஐந்து ஆண்டுக்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசம். கடைக்காரர் அந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்; இடையில் வருகிற மற்றவை ஒன்பது மாதத்தில் முடிந்துவிடும்.

லினக்ஸ் என்றதும் பலர் தயங்குகிறார்கள். நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடிப்படையே லினக்ஸ்தான். கேரளத்தில் அரசுப் பள்ளிகளில் பல வருடமாகப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். இங்கே 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை விண்டோஸோடு சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

எங்கள் கிட்டங்கியில் இரண்டு வருடமாக ஒரு உபுண்டு லேப்டாப் ஓடுகிறது. லாரிக்கு இ-வே பில் போடுவது, மார்க்கெட் விலை பார்ப்பது, வெளியூர் மண்டிகளோடு வாட்ஸ்அப்பில் பேசுவது, கடிதம் அடிப்பது எல்லாம் அதில்தான். தமிழ் டைப்பிங் உண்டு. தமிழ்99 முறையைச் செட்டிங்கில் சேர்த்துக்கொண்டால் போதும். ஐம்பது வயதான எங்கள் கணக்குப்பிள்ளை முதல் வாரம் முனகினார். இப்போது சத்தமில்லை. கல்லாவில் பில் போடும் மெஷினும் பேரேடு ஏறும் மெஷினும் அசல் விண்டோஸில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வேலைக்குத் தகுந்த ஆள்.

லினக்ஸில் இடிக்கிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் இறக்கிக்கொள்ளும் ரிட்டர்ன் ஆஃப்லைன் டூல் விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும். தனி உரிமையாளரும் பங்குதாரர் நிறுவனமும் போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலமே ரிட்டர்னை முடிக்கலாம் என்பதால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தொல்லை அவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. பிரைவேட் லிமிடெட் ஆக இருப்பவர்கள் தங்கள் டோக்கன் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பார்கோடு ஸ்கேனர் கீபோர்டு போலவே நடந்துகொள்ளும். எதிலும் வேலை செய்யும். பிரிண்டரில்தான் கவனம் வேண்டும். சில தெர்மல் பில் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பழைய லேசர் பிரிண்டர்கள் சில படாத பாடு படுத்தும். கைரேகை வைத்துத் திறக்கும் வசதி பல மாடல்களில் வேலை செய்யாது.

கடையிலேயே சோதித்துப் பார்ப்பது

துவரம்பருப்பு வாங்கினால் மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி பார்க்காமல் எடுப்போமா? டாஸ் லேப்டாப்பில் அப்படிப் பார்க்க வழியில்லாமல் பலர் வாங்கி வந்துவிடுகிறார்கள். கறுப்புத் திரையில் வைஃபையும் கேமராவும் ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

வழி இருக்கிறது. உபுண்டுவை ஒரு எட்டு ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டும். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. லேப்டாப்பில் சொருகி, பென் டிரைவிலிருந்தே திறந்தால், உள்ளே எதையும் பதிக்காமல் உபுண்டு முழுதாக ஓடும். நம் போன் மூலம் வைஃபை கொடுத்து ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்து பார்க்கலாம். ஒரு பாட்டைப் போட்டு ஸ்பீக்கரைக் கேட்கலாம். கேமராவில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில மாடல்கள் எழுவதில்லை. முடிந்தால் நம் பில் பிரிண்டரையும் கையோடு எடுத்துப் போகலாம். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார். நாமும் எத்தனையோ வாடிக்கையாளர் கிள்ளிப் பார்க்கும்போது பொறுத்துக்கொண்டவர்கள்தானே.

விண்டோஸ் போடும் உத்தேசம் உள்ளவர்கள், அந்த மாடலுக்கு விண்டோஸ் 11 டிரைவர்கள் கம்பெனி வெப்சைட்டில் இருக்கின்றனவா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும். 'விண்டோஸ் போட்டுத் தருகிறோம்' என்று கடைக்காரர் சொன்னால், 'பில்லில் தனி வரியாக எழுதுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அசல் என்றால் எழுதுவார். தயங்கினால் என்ன சரக்கு என்று நமக்கே தெரிந்துவிடும்.

நகல் விஷயம் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பொது. இரண்டு பென் டிரைவ் வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி எடுக்க வேண்டும். எடுத்ததும் கழற்றி, ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கடன் பாக்கிப் பட்டியலை வாரம் ஒரு முறை பேப்பரில் அச்செடுத்துப் பீரோவில் வைப்பது பழைய வழக்கம் என்று சிரிக்கிறார்கள். மேலே சொன்ன கிராமத்துக் கடைக்காரர் இப்போது அதைத்தான் செய்கிறார்.

பில் வாங்கும்போது நம் ஜி.எஸ்.டி. எண்ணும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு 18 சதவீத வரி. வழக்கமான பதிவில் இருப்பவர்கள் வியாபாரத்துக்கு வாங்கியதென்றால் இதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். விற்றவர் தாக்கல் செய்து நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் அது வந்திருக்கிறதா என்று அடுத்த மாதம் சரிபார்க்க வேண்டும். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்த வரி திரும்பாது; அவர்கள் இரண்டு மாடலின் விலையையும் வரியோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். வருமான வரிக் கணக்கில் தேய்மானம் எழுதுகிறவர்கள், உள்ளீட்டு வரி எடுத்த தொகையைக் கழித்துக்கொண்டு மீதி விலைக்கு மட்டும் தேய்மானம் எழுத வேண்டும். வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதினால் உள்ளீட்டு வரி கிடைக்காது. பில்லை ஆடிட்டரிடம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.